‘அட்டாக்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்: பொது சுகாதாரத்துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். கரூர் மாவட்டத்துக் கிராமங்களில் பிறப்பு இறப்புப் பதிவேடு பார்த்தவன். தமிழ்நாட்டின் பிறப்பு இறப்புத் தலைமைப் பதிவாளர் பொறுப்பும் உங்களிடமே இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். திறந்த மடலாக எழுதக் காரணம், இதில் பாதிதான் உங்களுக்கு. மீதி, இறப்புச் சான்றில் கையெழுத்துப் போடும் டாக்டர்களுக்கும், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நன்றாக இருந்த ஆள் திடீரென்று இறந்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் மாரடைப்பு. அப்படிப்பட்ட சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதயம்தான் காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கும் தெரியாமல் உடம்புக்குள் வளர்ந்திருந்த புற்றுநோயும் சிலரை அதே மாதிரி ஒரே நிமிடத்தில் சாய்த்துவிடும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே பார்ப்பதோ நம் வழக்கத்தில் இல்லை. எரித்து முடித்து, மாரடைப்பு என்று பதிந்து, இறந்தவரின் பிள்ளைகளை இதய டாக்டரிடம் அனுப்பி வைக்கிறோம். அவர்கள் போக வேண்டிய இடம் வேறாக இருக்கலாம் என்பதுதான் என் கவலை.

பதிவேட்டில் காரணம் எப்படி ஏறுகிறது என்று சொல்கிறேன். வீட்டில் சாவு. காரியங்களுக்கு நடுவே பங்காளி ஒருவர், இறப்பைப் பதிவதற்கான படிவம் 2 கொடுக்க வருவார். அதில் நோயின் பெயர் அல்லது இறப்புக்கான உண்மையான காரணம் என்று ஓர் இடம் உண்டு. “என்னப்பா ஆச்சு?” என்றால், “காலையில எந்திரிச்சு பாத்ரூம் போனாருங்க, வந்து உக்காந்தாரு, தண்ணி கேட்டாரு, கொண்டாறதுக்குள்ள சாஞ்சுட்டாரு” என்பார். நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். ஆனால் படிவத்துக்கு ஒரு நோயின் பெயர் வேண்டும். “அட்டாக்குன்னு போட்டுக்குங்க” என்பார். போட்டாகிவிடும். அதே படிவத்தில் புகைபிடித்தாரா, புகையிலை மென்றாரா, பாக்கு போட்டாரா, குடித்தாரா, எத்தனை வருஷமாக என்றும் கேள்விகள் இருக்கின்றன. மொட்டை அடித்த தலையோடு எதிரில் நிற்கிறவரிடம் அதையெல்லாம் யார் கேட்பது? கோடு கிழித்து அனுப்புவதுதான் ஊர் உலகத்து நடைமுறை.

டவுனில் கொஞ்சம் மாறும். எரிவாயு தகன மேடையில் டாக்டர் சான்று கேட்பார்கள். இறந்தவரை உயிரோடு பார்த்தே இராத ஒரு டாக்டரை அழைத்து வருவார்கள். அவர் நாடி பிடிப்பார், கண்ணில் டார்ச் அடிப்பார், ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதுவார். இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று பொருள். இதயமும் மூச்சும் நிற்காமல் செத்தவர் உலகத்தில் யாராவது உண்டா? இதயச் செயலிழப்பு மாதிரி, உயிர் போன விதத்தை எழுத வேண்டாம், அதற்குக் காரணமான நோயை எழுதுங்கள் என்று அந்தச் சான்றுப் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அந்த வரியின் பக்கத்திலேயே எழுதிவிட்டுப் போகிறார்கள். டாக்டரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, பறை அடிக்கிறது, பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று ஊரே நிற்கிறது. அந்த நேரத்தில் “எனக்குக் காரணம் தெரியவில்லை” என்று எழுதுகிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், கடைசி நோயின்போது கவனித்த டாக்டரே காரணச் சான்று தர வேண்டும் என்கிறது. 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். நல்ல திருத்தம். ஆனால் திடீர்ச் சாவில் கடைசி நோய் என்று ஒன்றுமே இல்லை, கவனித்த டாக்டரும் இல்லை. இன்னொரு பக்கம் போலீஸ். சந்தேகச் சாவு என்றால்தான் அவர்கள் வருவார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று சொல்வோம், 2024 ஜூலையிலிருந்து அது புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், சண்டை சச்சரவு இல்லாமல் இறக்கிற நாற்பது ஐம்பது வயது ஆள் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார். அவர் ஏன் செத்தார் என்று கேட்கும் கடமை அரசாங்கத்தில் யாருக்கும் இல்லை.

என் சகலை அந்தச் சந்தில் விழாமல் போனது தற்செயல். வயது 47. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். வெளியூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வாசலில் விழுந்தார். கூட ஆள் இல்லாததால் போலீஸ் வழக்குப் பதிந்து பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டது. “அட்டாக்குல போன மனுசனை எதுக்கு அறுக்கறாங்க” என்று என் கொழுந்தியாள் அழுதாள். வீட்டில் எல்லோருக்கும் அதே கோபம். வீட்டிலேயே இறந்திருந்தால் மதியத்துக்குள் காரியம் முடிந்திருக்கும், பதிவேட்டில் மாரடைப்பு என்று ஏறியிருக்கும்.

அவருடைய இதயக் குழாய்களில் அடைப்பு இல்லை. நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயை அடைத்துக்கொண்டு ரத்தக்கட்டி இருந்தது. இரைப்பையின் கீழ்ப்பக்கம் சுவர் தடித்து ஒரு புண். அதிலிருந்து சதைத் துண்டு எடுத்து நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்த ரிப்போர்ட் வர மாதக்கணக்கில் ஆனது, அதையும் அலைந்துதான் வாங்கினோம். இரைப்பைப் புற்றுநோய்.

அவருக்கு ‘அல்சர்’ இருப்பது ஊருக்கே தெரியும். ஒரு வருஷத்துக்கு மேலாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரைகள் அமிலத்தைக் குறைத்து எரிச்சலை அடக்கும். சிலருக்குப் புற்றுப் புண்ணே மேலாக ஆறினாற்போல் இருக்கும், உள்ளே நோய் அதன் வேலையைப் பார்க்கும். ஆள் இளைத்திருந்தார். சர்க்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்ததால் என்று அவரே விளக்கமும் சொன்னார். சாவதற்குச் சில நாள் முன்பு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் வீங்காமல் என்ன செய்யும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டார். எரிச்சலை மெடிக்கல் ஷாப்காரரிடம் சொன்னார், இளைத்ததை வீட்டில் சொன்னார், காலை நண்பரிடம் காட்டினார். மூன்றையும் சேர்த்து ஒரே ஆளிடம் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு ஒரு குடும்ப டாக்டரும் இல்லை.

புற்றுநோய்க்கும் ரத்தம் உறைவதற்கும் உள்ள தொடர்பு நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ 1865லேயே அதைப் பாடமாக நடத்தியிருக்கிறார். பிறகு தன் உடம்பிலேயே அப்படியொரு ரத்தக்கட்டு வந்தபோது தனக்கு என்ன நோய் என்று புரிந்துகொண்டார். 1867இல் வயிற்றுப் பகுதிப் புற்றுநோயால் இறந்தார். சில கட்டிகள் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைக் கசியவிடுகின்றன. இரைப்பையும் கணையமும் இதில் மோசமானவை. நுரையீரல், சினைப்பை, மூளைக் கட்டிகளிலும் இது உண்டு. உறைந்த ரத்தம் பெரும்பாலும் காலின் ஆழத்திலுள்ள சிரைகளில் தங்கும். ஒருநாள் பிய்த்துக்கொண்டு மேலே ஏறி, இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் குழாயில் சொருகிக்கொள்ளும். அந்த ரத்தக்கட்டி பெரிதாக இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. மூச்சு வாங்குதல், நெஞ்சில் ஒரு பிடிப்பு, வியர்வை, சாய்தல். பக்கத்தில் நிற்கிறவருக்கு அது அட்டாக்கேதான்.

ரத்தம் உறைவது ஒரு வழி என்றால், ரத்தம் கசிவது இன்னொரு வழி. நுரையீரல் கட்டி பக்கத்து ரத்தக்குழாயை அரித்துவிட்டால் இருமலோடு வாய் நிறைய ரத்தம் வந்து சில நிமிடங்களில் உயிர் போகும். கல்லீரல் கட்டி வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குப் புற்று பரவி அதில் நீர் கோத்தால், இதயம் விரிய இடமில்லாமல் நின்றுபோகும். மூளைக்குள் கட்டி அங்குள்ள நீரின் ஓட்டத்தை அடைத்தால், தலைவலி என்று படுத்த பிள்ளை எழுந்திருக்காது.

இவற்றில் மிகவும் உறுத்துவது ரத்தப் புற்றில் ஒரு வகை. புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்பார்கள். இளவயதுக்காரர்களுக்கும் வரும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், அடிபடாமலே தொடையில் நீலத் திட்டு, பெண்களுக்கு நிற்காத மாதவிடாய் என்று சில நாளோ சில வாரமோ காட்டும். அப்புறம் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துவிடுவார்கள். சான்றில் ‘மூளை ரத்தக்கசிவு’ என்று இருக்கும், இருபது வயதில் ஏன் கசிந்தது என்று அதில் இருக்காது. இத்தனைக்கும் லுக்கீமியாக்களில் நன்றாகக் குணமாகக்கூடியது இதுதான். முதல் சில வாரம் பிழைத்துவிட்டால் மிகப் பெரும்பாலானவர்கள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். சந்தேகம் வருவதற்கு ஒரு சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம்.

உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் போனவனை முனி அறைந்தது, ரத்தம் கக்கிச் செத்தான் என்ற கதை இல்லாத ஊர் எங்கள் பக்கம் கிடையாது. ரத்தம் கக்குவதற்குக் கல்லீரல் சுருங்கி உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருப்பது, குடற்புண், காசநோய் என்று பல காரணம் உண்டு. இரைப்பை, நுரையீரல் புற்றும் அந்த வரிசையில் இருக்கிறது. முனியைப் பொல்லாதவராக்க எனக்கு ஆசையில்லை, எங்கள் குலதெய்வமே முனியப்பன்தான். ஆனால் அவர் கணக்கில் எழுதியதில் எத்தனை நம் கணக்கில் வர வேண்டியது என்று ஒருநாளும் யாரும் சரிபார்த்ததில்லை. இப்போது முனி போய் மாரடைப்பு வந்திருக்கிறது. பெயர் நவீனமாகிவிட்டது, சரிபார்ப்பது மட்டும் இன்னும் வரவில்லை.

கூடவே ஒரு பேச்சு உண்டு. “கொடுத்து வச்ச மனுசன், படுக்கையில கிடந்து சீரழியாமப் போய்ச் சேந்துட்டாரு.” எண்பது வயதுக்காரருக்குச் சொன்னால் நானும் தலையாட்டுவேன். கல்லூரிக்குப் போகும் பெண்ணை விட்டுவிட்டுப் போனவருக்கும் அதையே சொல்லித் தேற்றும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது. அந்த ஆறுதல் வந்த பிறகு ஏன் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுவதே இல்லை.

எண்ணிக்கையைக் கொஞ்சம் பார்ப்போம். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் டாக்டரின் காரணச் சான்றோடு வருவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். இது 2020ஆம் ஆண்டு அறிக்கையின் கணக்கு. அந்தச் சான்றுகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ‘ரத்த ஓட்ட மண்டல நோய்கள்’, புற்றுநோய் சுமார் 5 சதவீதம்தான். ‘இதயம் நின்றது’ என்று எழுதினால் அது போய் உட்காரும் இடம் அந்தப் பெரிய குவியல். இப்படி எதையும் சொல்லாத காரணங்களை உலகச் சுகாதாரப் புள்ளியியலாளர்கள் குப்பைக் குறியீடுகள் என்றே அழைக்கிறார்கள். நான் வைத்த பெயர் இல்லை.

ஸ்கேனும் நிபுணர்களும் பக்கத்தில் இருந்தாலும் புற்றுநோய் தப்பிவிடும் என்பதற்கு ஓர் அமெரிக்க உதாரணம் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் 1986 முதல் 1995 வரை நடந்த 1,105 பிரேதப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட 250 புற்றுகளில் 111, உயிரோடு இருந்தபோது தவறாகக் கணிக்கப்பட்டவை அல்லது கண்டுபிடிக்கப்படவே இல்லாதவை. அந்த ஆய்வு 1998இல் வந்தது. இன்றைய ஸ்கேன்கள் அதைவிட நல்லவை, அந்த விகிதத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். நம்முடையவர்கள் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள்.

உங்கள் துறை எதையும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் யார் வீட்டில் என்ன மாத்திரை என்று மனப்பாடமாகச் சொல்வார். புற்றுநோய்ப் பரிசோதனையும் இருக்கிறது: வாய், மார்பகம், கருப்பை வாய். மூன்றும் அவசியமானவை, எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை என்பதால் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், சரிதான். ஆனால் நான் மேலே சொன்ன மாதிரி ஆளைத் திடீரென்று வீழ்த்துகிறவை அநேகமாக இந்த மூன்றுக்கும் வெளியே இருக்கின்றன. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்து வருகிறது. அதற்கு ஊர் ஊராக வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்க முடியாது, அதுவும் தெரியும். முடிந்தது ஒன்று உண்டு. அந்த வீடு தேடி வருகிற பெண்ணே, மாத்திரை கொடுக்கும்போது நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். காரணமில்லாமல் இளைத்தீர்களா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா, சோறு விழுங்கும்போது நிற்கிறதா, ஒரு கால் மட்டும் வீங்கியதா. ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு ரத்தசோகை என்றால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடாது, ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

செத்தபின் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். ஆகிற காரியம் இருக்கிறது. ரிப்போர்ட் வந்த பிறகு, சகலையின் தம்பியை இரைப்பை டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். குழாய் விட்டுப் பார்த்ததில் புற்று இல்லை, இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தது. இரைப்பைப் புற்றுக்கு வழி வகுக்கும் கிருமி அது. இரண்டு வாரம் மாத்திரை, பிறகு கிருமி போய்விட்டதா என்று ஒரு பரிசோதனை. அவ்வளவுதான். அண்ணன் மாரடைப்பில் போனார் என்றே இருந்திருந்தால் அவர் டிரெட்மில்லில் ஓடி, ‘நார்மல்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பார். பெருங்குடல் புற்று, மார்பகம், சினைப்பைப் புற்று என்று சில குடும்பங்களில் மரபணு வழியாகவே வருகிறது. அப்படிப்பட்ட குடும்பத்தில் அப்பாவின் சாவுக்குத் தப்பான பெயர் எழுதினால், நாளைக்கு டாக்டர் ‘குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?’ என்று கேட்கும்போது மகள் ‘இல்லை’ என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அரசாங்க முத்திரையோடு நாம் கொடுத்த காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறாள்.

புற்றுநோய்ப் பதிவேடும் இதில் அடிவாங்குகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம்தான் சென்னையின் பதிவேட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து பராமரித்து வருகிறது. அவர்கள் ஆஸ்பத்திரிகளில் மட்டும் தேடுவதில்லை, இறப்புப் பதிவுகளையும் எடுத்துச் சரிபார்க்கிறார்கள், தவறவிட்ட நோயாளிகள் அங்கே கிடைப்பார்கள் என்று. நாம் எல்லாவற்றுக்கும் அட்டாக் என்று எழுதி வைத்தால் அங்கே அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கொரோனாவுக்குப் பிறகு ஒரு புதுத் தொல்லை. யார் திடீரென்று செத்தாலும் வாட்ஸ்அப்பில் ‘தடுப்பூசிதான்’ என்று வந்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் சென்னையிலிருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 18 முதல் 45 வயதுவரை உள்ளவர்களின் திடீர்ச் சாவுகளை நாடு முழுக்க 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்தது. தடுப்பூசி அந்த அபாயத்தைக் கூட்டவில்லை என்று 2023இல் சொன்னது. குடும்பத்தில் முன்பு நடந்த திடீர்ச் சாவு, மட்டுமீறிய குடி மாதிரியானவைதான் அபாயத்தோடு சேர்ந்து வந்தன. ஆனால் எரித்துவிட்ட ஒரு தனி மனிதரின் சாவுக்கு அந்த ஆய்வு பதில் சொல்ல முடியாது. நாம் காலியாக விட்ட இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சரி, என்ன செய்யலாம்? எல்லாரையும் அறுத்துப் பாருங்கள் என்று கேட்க நான் பைத்தியக்காரன் இல்லை. பிணவறை வாசலில் நின்றவன். உடலை வாங்க யார் யார் கையில் எவ்வளவு வைக்க வேண்டியிருந்தது என்று எங்கள் பக்கம் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு கணக்கு சொல்வார்கள். அது மாறாதவரை எந்த மகனும் ‘அப்பாவைப் பரிசோதனை செய்யுங்கள்’ என்று தானாக வரமாட்டான்.

முதலில் காசு செலவில்லாத வேலை. 1990களின் நடுவில் சென்னையில் டாக்டர் கஜலட்சுமி தலைமையில் ஒரு பெரிய வேலை நடந்தது. சுமார் 48,000 பேரின் சாவைப் பற்றி, பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகப் போய் உறவினர்களிடம் விசாரித்து எழுதினார்கள். கடைசி மாதங்களில் உடம்பு எப்படி இருந்தது, என்ன வலி, என்ன மாத்திரை என்று கேட்டு வாங்கிய கதையை டாக்டர்கள் படித்துக் காரணம் நிர்ணயித்தார்கள். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். காரணம் தெரியாதவை என்று பதிவேட்டில் கிடந்த பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. 2002இல் கட்டுரையாகவும் வந்துவிட்டது. நம் ஊரில், நம் ஆட்களே செய்து காட்டிய வேலை, வெளிநாட்டு ஆலோசகர் யாரும் வர வேண்டாம். தெரியாத புற்றுநோயை இது உறுதியாகச் சொல்லிவிடாது. ஆனால் அல்சர் மாத்திரையும், இளைத்த உடம்பும், வீங்கிய காலும் ஒரே தாளில் வந்துவிடும். பார்க்கிற டாக்டருக்குப் பிள்ளைகளை எங்கே அனுப்பலாம் என்று ஒரு யோசனை கிடைக்கும்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் போவதும் வருவதுமாக இருக்கிற நாட்களில் அரசாங்கத் தாளோடு போனால் விரட்டிவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, கிராம சுகாதார செவிலியர் போனால் பேசுவார்கள். உண்மையில் பேச ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது, விரும்புகிற குடும்பத்துக்கு ஒரு வழி. போலீஸ் இல்லாமல், குற்றச்சாட்டு இல்லாமல், குடும்பத்தின் ஒப்புதலோடு செய்யும் மருத்துவப் பிரேதப் பரிசோதனை என்று ஒன்று இருந்தது. மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் படித்தார்கள். இப்போது அநேகமாக அற்றுப்போய்விட்டது. முழுதாக அறுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஊசி வழியாக உறுப்புகளிலிருந்து துளித்துளியாகச் சதை எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் 2021 மார்ச்சிலிருந்து உடலை சி.டி. ஸ்கேனில் வைத்தே பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரிகள் உங்கள் இயக்குநரகத்தில் வராது, மருத்துவக் கல்வி இயக்குநரகத்தைக் கேட்க வேண்டும் என்று பதில் வரும் என்பது அரசாங்கத்தில் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? செயலகத்தில் துறை ஒன்றுதானே, மாடி ஏறிப் பேசிக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தால் பரிசோதனை கிடையாது என்ற பழைய தடையையும் 2021 நவம்பரில் மத்திய அரசு தளர்த்திவிட்டது. கொலை, தற்கொலை மாதிரி சந்தேகம் இல்லாதவற்றுக்கு, விளக்கு வசதி இருக்கும் இடத்தில் இரவிலும் செய்யலாம். அதைச் சொல்லிவிட்டால் பாதிக் குடும்பங்களின் அவசரம் தணியும்.

ஒரு பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிவத்தில் யாரும் எழுத மாட்டார்கள். புற்றுநோய் என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரன் பணம் தரமாட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு. கொழுந்தியாளுக்கும் அந்தப் பயம் இருந்தது. இருந்த நோயை மறைத்துப் பாலிசி எடுத்தால்தான் அது குற்றம். இறந்தவருக்கே தெரியாத நோயை அவர் எப்படி மறைத்திருக்க முடியும்? தவிர, பாலிசி எடுத்து மூன்று வருஷம் ஆகிவிட்டால் ஆயுள் காப்பீட்டைக் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவே சொல்கிறது. உங்கள் துறை வெளியிடும் விளக்கத்தாளில் இந்த இரண்டு வரியைச் சேர்த்தால், பல வீடுகளில் உண்மையைச் சொல்ல வாய் திறக்கும்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். ‘முன்பு நோய் அறியப்படாதவர், திடீர் மரணம், காரணம் உறுதியாகவில்லை’ என்ற வரி யாருக்கும் அவமானம் இல்லை. அது இருந்தால்தான் அடுத்த ஆள் கேள்வி கேட்க முடியும். அப்படி எழுதிய சான்றைத் தகன மேடையில் திருப்பி அனுப்பக் கூடாது என்று நீங்கள், இயக்குநர் அவர்களே, ஒரு சுற்றறிக்கை விட வேண்டும். திருப்பி அனுப்புவார்கள் என்ற பயத்தில்தான் பாதி மாரடைப்புகள் எழுதப்படுகின்றன.

கடைசியாக, வி.ஏ.ஓ.க்களுக்குப் புதிதாக இன்னொரு ஆப் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இருப்பதே போதும். படிவம் 2 மத்திய அரசின் அச்சு, அதில் கை வைக்க முடியாது என்றால், கூடவே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: இறந்தவருக்கு எழுபது வயதுக்குள்ளா, முன்பு நோய் எதுவும் தெரியாதா, ஒருநாளுக்குள் இறந்தாரா. மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தச் சீட்டு அந்தந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும், பதினாறாம் நாளுக்குப் பிறகு செவிலியர் அந்த வீட்டுக்குப் போகட்டும். ஒரே ஒரு மாவட்டத்தில் ஒரு வருஷம் செய்து பாருங்கள். கரூரை எடுத்துக்கொண்டால், படிவம் எழுதிப் பழகியவர்கள் நாங்கள் சிலர் ஓய்வில் சும்மாதான் இருக்கிறோம், வந்து உதவுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
கரூர் மாவட்டம்.